சாய்ந்து சாய்ந்து நடக்கிறேனாம்: குறை முதுகிலா, இடுப்பிலா?

கேள்வி: வயது 63. ஊர் கண்டனூர். மூன்று வருஷமாக அடிமுதுகில் வலி, வலது பக்கம் அதிகம். நின்று சமைத்தாலும் நடந்தாலும் கூடுகிறது, படுத்தால் குறைகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். பெல்ட் போட்டுக்கொண்டு ரெஸ்ட்டில் இருக்கச் சொன்னார்கள். எட்டு மாதமாக அப்படித்தான் இருக்கிறேன். இப்போது நடையே மாறிவிட்டது, வலது பக்கம் சாய்ந்து சாய்ந்து நடக்கிறேன் என்கிறாள் மகள். இரண்டு தடவை நிலைப்படியில் தடுக்கி விழப்பார்த்தேன். முகம் கழுவக் கண்ணை மூடினால் உடம்பு ஆடுகிறது. 14 வருஷமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். சுத்த சைவம். ஒருவர் என் வலது கால் ஒரு சென்டிமீட்டர் குட்டை, செருப்பில் கட்டை வைக்க வேண்டும் என்கிறார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வருவதாக வேண்டுதல் இருக்கிறது, நடக்கலாமா? நடைதான் முதுகைக் கெடுத்ததா, முதுகுதான் நடையைக் கெடுத்ததா? கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது?

பதில்:

வணக்கம் ஆச்சி. கடிதம் நல்ல விவரமாக இருந்தது. நேரில் வருகிறவர்கள்கூட இவ்வளவு சொல்வதில்லை.

முதுகுவலி, சாய்ந்த நடை, தடுமாற்றம் மூன்றுக்கும் டிஸ்க்தான் (முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை) காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதுகுவலியும் சாய்ந்த நடையும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. கண்ணை மூடினால் ஆடுவது தனி விவகாரம், அதன் வேர் பெரும்பாலும் பாதத்தில் இருக்கும். முதலாவதைப் பயிற்சியால் நிறைய சரிசெய்யலாம். இரண்டாவதற்குப் பயிற்சி தொடங்குவதோடு இரத்தப் பரிசோதனையும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் எட்டு மாதம் பெல்ட்டோடு போயிருக்கிறது.

மேலே போகும் முன் ஓர் எச்சரிக்கை. சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்குவது, வலியோடு காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ சேர்வது, எப்படிப் படுத்தாலும் ராத்திரி முழுக்க விடாமல் வலிப்பது, கீழே விழுந்த பின் வலி திடீரென்று கூடுவது. இவற்றில் எது வந்தாலும் என் பதிலை மடித்து வைத்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. படுத்தால் வலி குறைகிறது என்பதும் நல்ல அறிகுறிதான்.

சரி, எம்.ஆர்.ஐ.க்கு வருவோம். 2015இல் ஓர் ஆய்வுத் தொகுப்பு வெளிவந்தது. முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களை அதில் சேர்த்துப் பார்த்தார்கள். அறுபது வயதுக்காரர்களில் 100க்கு 69 பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது, 88 பேருக்குத் தேய்மானம் இருந்தது. வலியே இல்லாதவர்களுக்கு! அதனால் உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள அந்த ஒரு வரியை, தலைமுடி நரைத்திருக்கிறது என்று யாரோ எழுதிக்கொடுத்ததுபோல எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் டிஸ்க்குக்கு வலியில் பங்கே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கால் வரை இறங்கும் குத்தலோ மரத்துப்போதலோ இல்லாமல், நின்றாலும் நடந்தாலும் ஒரு பக்கமாகக் கூடுகிற வலிக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் வேறு.

அந்த இடத்தை இப்போதே தொட்டுப் பார்த்துவிடலாம். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றி உள்ள தூண் ஒன்றை இடது கையால் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். வலது கையை, சேலையைச் செருகும் உயரத்தில் உள்ள பக்கவாட்டு இடுப்பெலும்பின் மேல் வையுங்கள். அங்கிருந்து நான்கு விரல் கீழே இறக்கினால் சதைப்பற்றான இடம் வரும். இப்போது இடது காலைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்குங்கள். உங்கள் வலது விரல்களுக்குக் கீழே ஒரு தசை கெட்டியாகிறதா? குளூட்டியஸ் மீடியஸ் என்று அதற்குப் பெயர். இடுப்பின் பக்கத் தசை என்றே சொல்வோம்.

அந்தத் தசையின் வேலை இதுதான். நடக்கும்போது ஒவ்வொரு பாதமும் தரையில் இருப்பது சுமார் 60 சதவீத நேரம், காற்றில் இருப்பது சுமார் 40 சதவீதம். இரண்டு பாதமும் சேர்ந்து தரையில் இருப்பது மொத்தத்தில் 20 சதவீதம் வரும், அவ்வளவுதான். மிச்ச நேரமெல்லாம் நாம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். வலது காலில் நிற்கிற அந்தக் கணத்தில் இடது பக்க இடுப்புக்குக் கீழே தாங்குவதற்கு எதுவும் கிடையாது. அது கீழே இறங்கத்தான் பார்க்கும். இறங்க விடாமல் எதிர்ப் பக்கத்திலிருந்து இழுத்துப் பிடிப்பது வலது இடுப்பின் பக்கத் தசை. அது இழுக்கிற இழுப்பும் உடம்பின் எடையும் சேர்ந்து, சாதாரணமாக நடக்கும்போதே இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான பாரம் விழுகிறது.

தசை இளைத்துவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். எதிர்ப் பக்க இடுப்பு தாழ்ந்துபோகும். 1895இல் பிரீட்ரிக் டிரெண்டலென்பர்க் என்கிற ஜெர்மன் அறுவை மருத்துவர் இதை விவரித்தார், இன்றும் அவர் பெயரில்தான் அந்தப் பரிசோதனையைச் செய்கிறோம். அல்லது உடம்பு ஒரு தந்திரம் செய்யும். தலையையும் தோளையும் நிற்கிற காலுக்கு நேர் மேலே கொண்டுபோய் வைத்துவிட்டால் தசைக்கு வேலை குறைந்துவிடும். அதனால் வலது கால் ஊன்றும்போதெல்லாம் மேல் உடம்பு வலப்பக்கம் சாய்கிறது. உங்கள் மகள் பார்த்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

தந்திரம் இடுப்புக்கு லாபம், முதுகுக்கு நஷ்டம். நிதானமாக நடக்கிறவர் நிமிடத்துக்கு 100 அடி வைக்கிறார் என்று கொள்வோம். அரை மணி நேரத்தில் 3,000 அடி, அதில் பாதி வலது கால். ஆக, 1,500 தடவை அடிமுதுகு வலப்பக்கம் ஒடிந்து நிமிர்கிறது. அந்தப் பக்கத்துச் சின்ன மூட்டுகள் ஒன்றோடொன்று நெருக்குகின்றன, முதுகுத் தசைகள் ஓய்வே இல்லாமல் பிடித்துக்கொள்கின்றன. வலது பக்கம் அதிகமாக வலிக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இதோடு பொருந்துகிறது.

ஆக, எது எதைக் கெடுத்தது? முதலில் வலி வந்திருக்கும், காரணம் எதுவாகவும் இருக்கலாம். வலிக்குப் பயந்து நடையைக் குறைத்தீர்கள். எட்டு மாத ரெஸ்ட்டில் பக்கத் தசை இளைத்தது. இளைத்த தசை உடம்பைச் சாயவைத்தது, சாய்ந்த நடை அடிமுதுகை நோகடித்தது, நோவு மறுபடியும் உட்காரவைத்தது. இப்போது எங்கிருந்து தொடங்கியது என்று தேடுவதில் பிரயோசனம் இல்லை. எந்த இடத்தில் அறுத்தால் வட்டம் நிற்கும் என்பதுதான் கேள்வி, அது இடுப்புத் தசைதான்.

பயத்துக்கும் இதில் பங்கு உண்டு. விழுந்துவிடுவோமோ என்று நினைக்கிறவர்கள் அடியைச் சிறிதாக வைப்பார்கள், பாதத்தைத் தேய்ப்பார்கள், கையை வீச மாட்டார்கள். கை வீசுவது அலங்காரத்துக்கு இல்லை ஆச்சி. கால் முன்னே போகும்போது உடம்பு திரும்பப் பார்க்கும், எதிர்க் கையின் வீச்சு அதைச் சமன் செய்கிறது. கை அசையாவிட்டால் அந்த வேலையும் முதுகின் தலையில். இடுப்பில் பெல்ட் வேறு இறுகியிருந்தால் கேட்கவே வேண்டாம். வலி உக்கிரமாக இருக்கும் சில நாட்களுக்கு பெல்ட் சரி. எட்டு மாதம் என்பது ரொம்ப அதிகம். ஒரே நாளில் கழற்றி எறிய வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும்போது முதலில் விடுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் முழுதாக விட்டுவிடலாம்.

இதையெல்லாம் நான் கடிதத்தை வைத்துச் சொல்கிறேன். உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி உண்டு. பட்டாலைக் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நீங்கள் நடப்பதைப் பின்னாலிருந்து மகளைப் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். போன் உங்கள் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும், நீங்கள் வழக்கம்போல நடங்கள், அவளுக்காக நன்றாக நடந்து காட்ட வேண்டாம். அந்த வீடியோவோடு உங்கள் ஊர்ப்பக்கம் உள்ள பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். வலது தொடை இடுக்கில் வலி, சம்மணம் போட முடியவில்லை, கால் நகம் வெட்ட வலது கால் மடங்க மாட்டேன் என்கிறது, இப்படி ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். அப்போது இடுப்பு மூட்டே தேய்ந்திருக்கலாம், அதற்கு ஓர் எக்ஸ்ரே போதும்.

கைத்தடி இடது கையில். ஆமாம், வலப்பக்கக் குறைக்கு இடது கைதான். எனக்குத் தெரிந்து பாதிப்பேருக்கு மேல் இதை மாற்றித்தான் பிடிக்கிறார்கள், வலிக்கிற பக்கமே தடியும் இருந்தால்தான் தாங்கல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வலது காலில் நிற்கும்போது இறங்கப் பார்ப்பது இடது பக்கம் அல்லவா, அங்கேதான் முட்டு வேண்டும். இடது கைத் தடியும் வலது காலும் ஒன்றாகத் தரையைத் தொட வேண்டும். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு வரும் உயரமே தடியின் உயரம். நுனியில் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். வீட்டில் ஐயா காலத்துத் தடி ஒன்று இருக்கும், வெள்ளிப்பூண் எல்லாம் போட்டு. அழகுதான், ஆனால் பூண் போட்ட நுனி தரையில் வழுக்கும், உயரமும் அவருக்குச் செய்ததாக இருக்கும்.

இதே கணக்குத்தான் சுமைக்கும். வாசல் தெளிக்க வாளியை எந்தக் கையில் தூக்குகிறீர்கள்? இடது கையில் என்றால், இடது பக்கத்தைக் கீழே இழுக்கிற பாரம் கூடுகிறது, அதைத் தாங்க வலது பக்கத் தசை இன்னும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. வாளியை வலது கைக்கு மாற்றுங்கள், பாதி வாளி போதும். கேட்க வினோதமாக இருக்கும், பலம் குறைந்த பக்கமே சுமையையும் தூக்கச் சொல்கிறாரே என்று. செய்து பார்த்தால் இடுப்பு சொல்லும். அப்போது தடியைப் பிடித்துக்கொள்ள இடது கையும் மிச்சமிருக்கும்.

பயிற்சிகள் நான்கு சொல்கிறேன், நாற்பது சொன்னால் ஒன்றையும் செய்ய மாட்டீர்கள்.

முதலாவது படுத்துச் செய்வது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, கீழ்க்காலை மடக்கி, மேலே இருக்கும் வலது காலை நீட்டி ஓர் அடி உயரம் தூக்கி, மெதுவாக இறக்க வேண்டும். இதில் எல்லோரும் செய்கிற தப்பு, காலைத் தூக்கும்போது முன்னால் கொண்டுவருவது. அப்படிச் செய்தால் தொடையின் முன் தசை வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். சுவரோரமாக முதுகு சுவரில் ஒட்டுகிற மாதிரி படுத்து, குதிகால் சுவரை உரசிக்கொண்டே மேலே ஏறி, உரசிக்கொண்டே இறங்கட்டும், கால்விரல் முன்னாலேயே பார்க்கட்டும். சரியாகச் செய்தால் ஏழெட்டிலேயே பக்கவாட்டில் எரியும். பத்துப் பத்தாக மூன்று தடவை. இடது காலுக்கும் செய்யுங்கள், வலது காலுக்கு ஒரு சுற்று கூட.

இரண்டாவது, முதலில் செய்து பார்த்தோமே, அதே தூண் பயிற்சி. தூணைப் பிடித்து வலது காலில் பத்து விநாடி நிற்க வேண்டும். இடது பக்க இடுப்பு இறங்கவும் கூடாது, தோள் வலப்பக்கம் சாயவும் கூடாது. எதிரே நிலைக்கண்ணாடி இருந்தால் நல்லது. முதல் வாரம் கையால் பிடித்து, அப்புறம் இரண்டு விரலால் தொட்டு, அதற்குப் பிறகு விரலைத் தூணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. தூணை விட்டு விலகிச் செய்ய வேண்டாம், கண்ணை மூடவும் வேண்டாம்.

மூன்றாவது, நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருவது. நாற்காலியைச் சுவரில் முட்டுக்கொடுத்து வையுங்கள், வழவழப்பான தரையில் நகர்ந்துவிடும். நான்காவது, தூணைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது. அடியெடுத்து வைக்கும்போது பின்னாலிருந்து உந்தித் தள்ளுவது கெண்டைக்கால்தான், அது இளைத்தால் பாதம் தேய்க்கும்.

இதெல்லாம் வாரத்தில் நான்கைந்து நாள். முதுகில் கொஞ்சம் வலி வரலாம். ராத்திரி தூங்கி எழுந்தால் பழைய நிலைக்கு வந்துவிடுகிற வலி என்றால் தொடருங்கள். மறுநாளும் கூடுதலாகவே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம். பலன் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும், தசை நன்றாகத் தேற மூன்று மாதம். அதற்குள் யாராவது வந்து எண்ணெய் தடவி இரண்டே நாளில் சரிசெய்கிறேன் என்பார்கள். எண்ணெய் தடவினால் சுகமாக இருக்கும், தடவிக்கொள்ளுங்கள், பயிற்சியை விடாதீர்கள்.

கூடவே நடையும். 2024இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. முதுகுவலி வந்து தேறிய 701 பேரில் ஒரு சாராருக்குப் படிப்படியாக நடைப்பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுக்கு வலி திரும்பி வர 208 நாள் ஆனது, கொடுக்காதவர்களுக்கு 112 நாள்; இரண்டுமே நடுக்கணக்கு, அதாவது பாதிப்பேருக்கு அதற்கு முன்பும் பாதிப்பேருக்கு அதற்குப் பின்பும். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் என்பது அங்கே ஆறு மாதத்தில் எட்ட வேண்டிய இலக்கு, முதல் நாள் அளவு இல்லை. உங்களுக்கு இப்போது ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை போதும். ஊருணிக் கரைக்கெல்லாம் இப்போது போக வேண்டாம், மேடு பள்ளமும் நாய்த் தொல்லையும் உண்டு. வளவே போதும், அவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிவைத்திருக்கிறார்கள். முற்றத்தைச் சுற்றியுள்ள நடையில் பாதி நேரம் வலமாகவும் பாதி நேரம் இடமாகவும் சுற்றுங்கள், எப்போதும் ஒரே பக்கம் திரும்பாமல். நிமிர்ந்து நடக்க வேண்டும், சாயாமல் நடக்க வேண்டும் என்று நடக்கும்போது மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள், உடம்பு இன்னும் விறைக்கும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, கையை வீசவிடுங்கள். தசை தேறத் தேறச் சாய்வு தானே குறையும்.

இப்போது தடுமாற்றம். உண்மையைச் சொன்னால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது முதுகுவலி இல்லை, முகம் கழுவக் கண்ணை மூடினால் ஆடுகிறது என்ற வரிதான்.

நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று இடத்திலிருந்து தகவல் போகிறது: கண், உள்காது, அப்புறம் பாதமும் கணுக்காலும். கண்ணை மூடியவுடன் ஆடினால், மற்ற இரண்டில் ஒன்று சரியாகத் தகவல் தரவில்லை, இதுவரை கண்தான் ஈடுகட்டிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். தலைசுற்றலோ காதில் இரைச்சலோ இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. 14 வருஷச் சர்க்கரை என்பதால் என் சந்தேகம் பாதத்து நரம்பு. அதோடு மெட்ஃபார்மினைப் பல வருஷம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறைய வாய்ப்புண்டு, சைவம் என்றால் இன்னும் கூடுதல். பி12 குறைந்தாலும் பாதம் மரக்கும், தடுமாறும். இதைக் கண்டுபிடித்தால் ஊசியோ மாத்திரையோ போட்டுச் சரிசெய்யலாம், ஆனால் ரொம்ப நாள் விட்டுவிட்டால் நரம்பு முழுதாகத் திரும்பாது. ஆகவே இந்த வாரமே பி12, மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி இரண்டும் பாருங்கள். டாக்டரிடம் பாதத்தை நைலான் இழையாலும் தட்டினால் அதிர்கிற உலோகக் கவையாலும் சோதிக்கச் சொல்லுங்கள், சில நிமிட வேலைதான். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், அவற்றாலும் தள்ளாட்டம் வரும்.

நிலைப்படியில் தடுக்கியது ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். முற்றத்து வெயிலிலிருந்து இரண்டாம் கட்டுக்குள் நுழைகிறீர்கள். உள்ளே இருட்டு, கண் பழகச் சில விநாடி ஆகும். படியைத் தாண்ட ஒரு காலில் நின்று மறு காலை வழக்கத்தைவிட உயரமாகத் தூக்க வேண்டும். வலது காலில் நின்றால் இடது இடுப்பு தாழ்கிறது, அதனால் தூக்கிய இடது பாதமும் நினைத்ததைவிடத் தாழ்வாகப் போகிறது. பைஃபோக்கல் கண்ணாடி போட்டிருந்தால் கீழே பார்க்கும்போது படிக்கிற பகுதி வழியாகப் பார்க்கிறீர்கள், படி மங்கலாகத் தெரியும். பாதம் படியில் உரசினாலும் மரத்த விரலுக்கு அது தாமதமாகத்தான் தெரியும். இத்தனையும் ஒரே நொடியில். அதனால் அங்கே ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: படிக்கு முன் ஒரு கணம் நின்று, நிலைக்காலை ஒரு கையால் பிடித்து, தலையையே குனிந்து படியைப் பார்த்து, அப்புறம் தாண்டுங்கள். பர்மா தேக்கு நிலை, பிடித்துக்கொள்ள அதைவிட உறுதியாக எதுவும் கிடைக்காது. உள்பக்கம் பகலிலும் ஒரு விளக்கு எரியட்டும்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஈரமானால் சறுக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பவர்கள் அதை முன்கட்டோடு நிறுத்திக்கொண்டு, குளியலறைக்கும் சமையல்கட்டுக்கும் போகிற வழியில் எண்ணெயைத் தவிர்த்துவிடுங்கள். மழைநாளில் முற்றத்துச் சாரல் எட்டுகிற இடத்தில் ரப்பர் அடி வைத்த மிதியடி போடுங்கள். ஓரம் மடங்குகிற பழைய துணி மிதியடியை எடுத்துவிடுங்கள், அதுவும் தடுக்கும்.

வீட்டுக்குள் செருப்புப் போட உங்களுக்கு மனம் வராது, தெரியும். வீட்டுக்கென்று தனியாக, வெளியே போகாத ஒரு ஜோடி வைத்துக்கொண்டால் என்ன? பின்னால் வார் உள்ளதாக இருக்க வேண்டும். விரலிடுக்கு ரப்பர் செருப்பு கழன்றுவிடாமல் இருக்க ஒவ்வொரு அடியிலும் விரல்கள் இறுக்கிப் பிடிக்கின்றன, அடியும் குறுகுகிறது, பாதமும் தேய்க்கிறது. பாதம் மரத்திருப்பது பரிசோதனையில் உறுதியானால் சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்பு வாங்குங்கள். கோயிலுக்கு வெயில் ஏறும் முன் போய் வந்துவிடுங்கள். உச்சிவெயிலில் கருங்கல் பாவிய பிரகாரத்தைச் சுற்றி, பாதம் கொப்புளித்ததே தெரியாமல் வீட்டுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தடுமாற்றத்துக்கு வெறும் நடை மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதியவர்கள் விழுவதைப் பற்றி 2019இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு ஒன்று வந்தது. உடற்பயிற்சியால் விழும் எண்ணிக்கை சுமார் 23 சதவீதம் குறைவது தெரிந்தது. பலன் காட்டியவை சமநிலைப் பயிற்சிகள், நடையால் மட்டும் குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல அதில் ஆதாரம் போதவில்லை. ஆகையால் தூண் பயிற்சியை விட்டுவிட்டு நடையை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கால் குட்டை விஷயம். படுக்கவைத்து டேப்பால் அளந்து ஒரு சென்டிமீட்டர் என்று சொன்னால், அதில் அளவுப் பிழையே பாதி இருக்கலாம். இரண்டு காலும் மில்லிமீட்டர் சுத்தமாக ஒரே நீளமாக இருப்பவர்கள் குறைவு. அந்த வித்தியாசம் உங்களுக்கு உண்மையிலேயே இருந்தாலும் அது பெரும்பாலும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருந்திருக்கும், அறுபது வயது வரை வலிக்காதது இப்போது ஏன் வலிக்க வேண்டும்? கட்டை வேண்டாம்.

இன்னொன்று கவனித்துச் சொல்லுங்கள். கொஞ்ச தூரம் நடந்ததும் கால் கனத்து, பிருஷ்டத்திலிருந்து கெண்டை வரை இழுக்கிறதா? உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் அது விடுகிறது என்றால், முதுகுத் தண்டில் நரம்புக்கான வழி குறுகியிருக்கலாம். உட்காராமல், சும்மா நின்றாலே விட்டுவிடுகிறது என்றால் காலுக்குப் போகும் இரத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும், சர்க்கரை உள்ளவர்களுக்கு இது முக்கியம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

கடைசியாகப் பழனி. குன்றக்குடியிலிருந்து காவடிகளோடு சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி என்றால் 150 கிலோமீட்டருக்கு மேல். இப்போது ஆவணி, தைக்கு ஐந்து மாதம் இருக்கிறது. முதுகை மட்டும் வைத்துக் கேட்டிருந்தால் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பேன், அது ஐந்து மாதத்தில் நிறையத் தேறும். பாதம்தான் தடை. மரத்த பாதத்தோடு நாள் முழுக்கத் தார்ச்சாலையில், அதுவும் வெறுங்காலில் நடப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஒரு கொப்புளம் புண்ணாகி ஆறாமல் போனால் அதன் கதை எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியும்.

முழுத்தூரம் இந்தத் தைக்கு வேண்டாம். குன்றக்குடி வரை காரில் போங்கள். அங்கிருந்து காவடிகளோடு இரண்டு மூன்று கிலோமீட்டர், செருப்போடும் தடியோடும், மகள் பக்கத்தில் வர நடங்கள். அதற்கு மார்கழி முடிவதற்குள் தொடர்ந்து முப்பது நிமிடம் சாயாமல் நடக்கப் பழகியிருக்க வேண்டும். பிறகு காரிலேயே பழனி போய், மலைக்கு வின்ச்சிலோ ரோப் காரிலோ ஏறிவிடுங்கள். படியேறித்தான் ஆவேன் என்றால், குன்றக்குடியிலானாலும் சரி பழனியிலானாலும் சரி, ஏறும்போது இடது காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலது காலை முதலில் இறக்குங்கள், ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும். பாதம் எப்படி இருக்கிறது என்று தெரிந்த பிறகு அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேசலாம்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது: நடக்கிற நாட்களில் சர்க்கரை மாத்திரையின் அளவையும் சாப்பாட்டு நேரத்தையும் மாற்ற வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் ராத்திரி படுக்கும் முன் இரண்டு உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் மகளை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குத் தை வரை காத்திருக்க வேண்டாம், இன்று ராத்திரியே பார்க்கட்டும்.